மூன்றாம் நம்பர் கிணறு நின்ற நாட்கள்

மார்ச் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை வகுப்புக்குப் போகும் வழியில் மூன்றாம் நம்பர் எண்ணெய்க் கிணற்றின் பம்பு நின்றிருப்பதைப் பார்த்தேன். இரும்புத் தலை பாதி குனிந்தபடி அப்படியே இருந்தது. சில நேரம் அது தானாக நின்று, தானாக ஓடும். அதனால் வண்டியை ஓரம்கட்டி இருபது நிமிடம் காத்திருந்தேன். ஓடவில்லை. மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் பெல்ட் அறுந்து மண்ணில் கிடந்தது. வகுப்புக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன்.

பகலில் மாட்டுத் தீவனக் கடையில் பில் போடும் எனக்கு நிலப் பத்திரங்கள் பற்றிய அந்த வகுப்பு எதற்கு என்று கடையில் கேட்பார்கள். எங்கள் வீட்டுப் பத்திரங்களைப் படிக்கத்தான். அதில் முக்கியமானது 1957-இல் என் கொள்ளுத்தாத்தா ஒரு எண்ணெய்க் கம்பெனியோடு போட்ட குத்தகை. நிலம் எங்களுடையது, அதன் அடியில் இருப்பதும் எங்களுடையது. ஆனால் எண்ணெய் வந்துகொண்டிருக்கும்வரை குத்தகை கம்பெனிக்கு. நாளுக்கு இரண்டு பீப்பாய் வந்தாலும் வருவதுதான். மற்ற கிணறுகளை எல்லாம் மூடிவிட்டார்கள். மூன்றாம் நம்பரை மட்டும் ஓட்டி, அந்த ஒன்றை வைத்தே அறுநூற்று நாற்பது ஏக்கரையும் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

எண்ணெய்க்காக இல்லை. தண்ணீருக்காக.

எண்ணெயோடு சேர்ந்து பூமியிலிருந்து உப்புநீர் மேலே வரும். எண்ணெயைவிட அதுதான் அதிகம். காகிதங்களில் அதற்கு 'உற்பத்தி நீர்' என்று பெயர். ஆறு வருடங்களுக்கு முன்பு கம்பெனி ஆள் கோய் லெட்பெட்டர் 'உற்பத்தி நீர் ஒப்பந்தம்' என்று தலைப்பிட்ட தாள்களைக் கொண்டுவந்தபோது, அப்பா தலைப்பைப் படித்தார். பக்கத்துப் பண்ணைக்காரர் தன் கிணற்று நல்ல தண்ணீரைக் கம்பெனிக்கு விற்றுப் புது லாரி வாங்கிய வருடம் அது. எங்கள் கிணற்றில் உற்பத்தியாகும் தண்ணீரைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார். வாங்க வரவில்லை, கொட்ட வந்தார்கள் என்பது முதல் டாங்கர் லாரி வந்து நின்றபோதுதான் தெரிந்தது. இன்றுவரை ஊரில் யாராவது அவரைப் பார்த்தால், "என்ன எபிஃபானியோ, தண்ணி வியாபாரம் எப்படிப் போகுது?" என்று கேட்பார்கள். அவரும் சிரிப்பார்.

எங்கெங்கோ இருக்கும் கிணறுகளின் உப்புநீரை எங்கள் நிலத்தில் ஒரு கிணறு துளைத்து, அதில் அழுத்தி இறக்குகிறார்கள். மூன்றாவது வருடம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கரித்தது. நான்காவது வருடம் மாடுகள் தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. இப்போது பதினொரு மாடுகளுக்கும் எங்கள் இருவருக்கும் ஊரிலிருந்து வண்டியில் தண்ணீர் கொண்டுவருகிறேன். கம்பெனி தன் கிணற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறது. நிலத்தை வாங்கவும் ஆளில்லை.

குத்தகையில் பதினான்காவது பத்தி இப்படிச் சொல்கிறது: எண்ணெய் வருவது தொடர்ந்து தொண்ணூறு நாள் நின்று, அதற்குள் கம்பெனி அதைச் சீர்செய்ய முனையாவிட்டால் குத்தகை முடிந்தது. தண்ணீர் ஒப்பந்தமோ குத்தகை உயிரோடிருக்கும்வரைதான் செல்லும். இரண்டும் சேர்ந்து போகும். நான் இதைப் பதினேழு முறை படித்தேன். தப்பாகப் படிக்கிறேனோ என்று வகுப்பு எடுக்கும் திருமதி ஸ்ட்ரவுடிடம், ஒரு தோழியின் நிலம் என்று சொல்லிக் கேட்டேன்.

"உன் தோழி சரியாத்தான் படிச்சிருக்கா," என்றார் அவர். "ஒண்ணு மட்டும் சொல்லு அவகிட்ட. நிலத்துக்காரங்க அந்தப் பம்பு மேல விரல் வைக்கக் கூடாது. இவங்கதான் கெடுத்தாங்க, இவங்கதான் தடுத்தாங்கன்னு கம்பெனி சொல்றதுக்கு இடம் கொடுத்தா அத்தனை நாளும் போச்சு."

பம்பு எந்த நாள் நின்றது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. எனவே பார்த்த நாளை விட்டு, மறுநாளை ஒன்று என்று வைத்தேன். தினமும் கடையிலிருந்து திரும்பும்போது வேலிக்கு வெளியே நின்று, அன்றைய செய்தித்தாளைப் பிடித்து ஒரு படம் எடுத்து, ஒரு நோட்டில் நாள் எண்ணைக் குறித்தேன். ஏப்ரல் மாதத்துக்கு மாநில அலுவலகப் பதிவில் மூன்றாம் நம்பருக்கு நேராகச் சைபர் இருந்தது. பம்பைப் பார்த்துக்கொண்ட ஆள் பிப்ரவரியில் வேலையை விட்டுப் போனபின் கம்பெனி வேறு ஆளைப் போடவில்லை. உப்புநீர்க் கிணற்றின் முன் லாரிகள் வரிசை கட்டின. இரண்டு பீப்பாய் கிணற்றை யார் நினைப்பார்கள்?

அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது எதுவும் மறுநாள் காலை காபிக் கடை மேஜைக்குத் தெரியும். அந்த மேஜையில் கோயும் உட்காருவான். அதோடு என் கணக்கு தப்பாக இருந்தால்? அவரை ஒருமுறை ஒரு காகிதம் ஏமாற்றியது போதும். தொண்ணூறு முடிந்து, வக்கீல் பார்த்துச் சரி என்ற பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

பிப்ரவரியில் அவருக்கு முழங்கால் அறுவை ஆகியிருந்தது, வண்டி ஓட்டக் கூடாது. பம்பு வீட்டிலிருந்து மூன்று மைல், நடுவில் மேடு. வாரம் ஒருமுறை கால் பயிற்சிக்கு நான்தான் அழைத்துப்போனேன், பம்பு கண்ணில் படாத வடக்குப் பாதையில்.

"ஏன் மிஹா இப்படிச் சுத்திப் போற? பெட்ரோல் சும்மாவா வருது?"

மகளே என்பதற்கு அவர் சொல்லும் சொல் அது. கோபத்திலும் அதுதான்.

"அந்தப் பக்கம் லாரி ஜாஸ்திப்பா. குழி வேற."

"மூணாம் நம்பர் எப்படி இருக்கு? சத்தம் போடுதா?"

"அப்படியேதான் இருக்கு."

அது பொய்யில்லை என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயிற்சி சொல்லித்தரும் பெண் அவர் காலை மடக்கிப் பார்த்து, "பிரமாதமா வருது, சீக்கிரமே நீங்களே ஓட்டலாம்," என்றபோது, இன்னும் கொஞ்சம் வலிக்கட்டும் என்று நினைத்தேன். என் சொந்த அப்பாவின் காலைப் பற்றி அப்படி நினைத்தேன்.

ஜூன் ஐந்து, எண்பத்தாறாவது நாள். மாலை ஐந்தரைக்குச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இரும்புத் தலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம், வேறு பம்பைப் பார்க்கிறேன் என்றே நினைத்தேன். போர்டைப் படித்தேன். மூன்று.

வீட்டு வாசலில் அப்பாவின் பழைய லாரி இடம் மாறி நின்றிருந்தது. அவர் முழங்கை வரை கிரீஸோடு, பிளாஸ்டிக் குடத்துத் தண்ணீரைச் சிக்கனமாக ஊற்றிக் கை கழுவிக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து வெகுநாள் ஆகிறது.

"இன்னிக்கு நானே ஓட்டிப் பார்த்தேன் மிஹா. கால் பரவாயில்ல. போய்ப் பார்த்தா மூணாம் நம்பர் செத்துக் கிடக்கு! பெல்ட்தான். நம்ம ஷெட்ல பழசு ஒண்ணு கிடந்துச்சு, லேசா விரிசல், ஆனா அளவு கரெக்டா உக்காந்துடுச்சு. இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு பெல்ட் மாட்டத் தெரியல பாரு."

முப்பத்தொரு வருடம் அவர் செய்த வேலை அதுதான், வேறு கம்பெனியின் பம்புகளை ஓட வைப்பது. நின்ற பம்பைப் பார்த்துவிட்டு அவரால் வண்டியில் ஏற முடிந்திருக்காது. இதை நான் முதல் நாளே எழுதி வைத்திருக்க வேண்டும்.

நான் நோட்டை எடுத்து வந்து, முதல் நாளிலிருந்து சொன்னேன். அவர் துடைத்த கையை மறுபடி மறுபடி துடைத்தார்.

"இன்னும் எத்தனை நாள் இருந்துச்சு?"

"நாலு."

"நாலு நாள்." பிறகு, "ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க காபிக் கடையில சொல்லிடுவீங்கன்னு. எனக்கும் நிச்சயமா தெரியலப்பா."

"சொல்லியிருப்பேன்," என்றார். "ஆமா. சொல்லித்தான் இருப்பேன்." லாரிச் சாவியை எடுத்தார். "வா. போய் ஆஃப் பண்ணிடலாம். அஞ்சு நிமிஷ வேலை."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "தொடக் கூடாதுப்பா. நாம நிறுத்தினா நாமதான் தடுத்தோம்னு ஆயிடும்."

"ஓட வச்சது நாம, நிறுத்தறதுக்கு மட்டும் நாம கூடாதா? என்ன சட்டம்டா இது."

"ஓட வச்சது கம்பெனி இல்ல, நீங்க. அதனால இன்னும் கணக்கு உடையலன்னு வக்கீல் சொல்லலாம். சொல்லாமலும் போகலாம். எனக்குத் தெரியல."

மறுநாள் காலை எட்டு மணிக்கே கோய் லெட்பெட்டர் ஒரு டஜன் டோனட் பெட்டியோடு வந்தான். அப்பா சுத்தியால் தட்டிக்கொண்டிருந்ததை ஒரு டாங்கர் டிரைவர் பார்த்திருக்கிறான்.

"மிஸ்டர் உரியாஸ்! ஒத்தைக் கால்ல நின்னு எங்க மானத்தைக் காப்பாத்திட்டீங்களாமே. இதுக்குத்தான் பழைய ஆளுங்க வேணும்கறது."

"ரெண்டு கால்லதான் நின்னேன்," என்றார் அப்பா. பெட்டியை அவர் வாங்கவில்லை. அது மேஜையில் இருந்தது.

கோய் ஒரு தாளை எடுத்தான். "மூணாம் நம்பரை நீங்களே பாத்துக்கங்களேன். வாரத்துக்கு ரெண்டு தடவை எட்டிப் பாத்தா போதும். சம்பளம் போட்டுத் தரோம். இங்க ஒரு கையெழுத்து."

அப்பா தாளை அவன் கையிலிருந்து வாங்கி, தலைப்பைக்கூடப் பார்க்காமல் என்னிடம் நீட்டினார். "படி."

பக்கம் ஒன்றரை. இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்க வேண்டும் போலிருந்தது. கோய் கடிகாரத்தைப் பார்த்தான்.

"தேதி," என்றேன். "ஜூன் ஒண்ணுன்னு போட்டிருக்கு. இன்னிக்கு ஆறு."

"மாசக் கணக்குக்காகப் போட்டது தங்கச்சி. வழக்கம்தான்."

"ஒண்ணாந்தேதியிலேருந்து அப்பா உங்க ஆளுன்னா, அஞ்சாந்தேதி பம்பை ஓட வச்சது கம்பெனி. எண்பத்தாறாவது நாள்."

எண்ணிக்கையை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கோயின் முகத்திலிருந்து சிரிப்பு மெதுவாகப் போனது. அதுவரை அவன் எண்ணவில்லை என்றும், யாரோ மேலே இருப்பவர் எண்ணித் தாளைக் கொடுத்தனுப்பியிருக்கிறார் என்றும் அப்போது எனக்குத் தோன்றியது. அதுவும் நிச்சயமில்லை.

"இதுல போடாதீங்கப்பா," என்றேன்.

"கேட்டியா கோய்? பொண்ணு வேண்டாங்கறா."

"அப்போ இன்னொரு மாதிரி பேசணும் மிஸ்டர் உரியாஸ்." கோய் தாளை மடித்தான். "எங்க ஆளு இல்லாத ஒருத்தர் எங்க மெஷின்ல கை வச்சிருக்கார். எண்பத்தாறு நாளா வீட்டுல ஒருத்தர் எண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க. அந்த பெல்ட் எப்படி அறுந்துச்சுன்னு ஷெரீஃப் கேட்டா என்ன சொல்வீங்க?"

"தேஞ்சு அறுந்துச்சு. அதை ஷெட்ல வச்சிருக்கேன், வந்து பாக்கச் சொல்லு," என்றார் அப்பா.

"வச்சிருக்கீங்க. உங்க ஷெட்ல. சரி." அவன் தொப்பியை எடுத்துக்கொண்டான். "திங்கட்கிழமை வரைக்கும் யோசிங்க. நான் உங்க விரோதி இல்ல."

திங்கட்கிழமைதான் தொண்ணூறாவது நாள். கையெழுத்துப் போட்டால் கணக்கு முடிந்தது. போடாவிட்டால் அப்பா அந்நியர் சொத்தில் கை வைத்தவர். பம்பை நிறுத்தினால் நாங்கள் தடுத்தவர்கள். நிறுத்தாவிட்டால் அது ஓடுகிறது. வக்கீல் அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள்.

மதியம் அப்பாவோடு வேலி வரை போனேன். உள்ளே போகவில்லை. அந்த இரும்புத் தலை நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் மூன்று டாங்கர்கள் தங்கள் முறைக்குக் காத்து நின்றன.

"அது பழைய பெல்ட்தானேப்பா," என்று கேட்டேன். "விரிசல் விட்டிருந்ததுன்னு சொன்னீங்களே. தானா அறுந்தா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னும் எத்தனை நாள் தாங்கும்?"

அவர் கண்ணை இடுக்கி, சக்கரம் சுற்றுவதை வெகுநேரம் பார்த்தார். பொய் சொல்லப் பார்க்கிறார் என்று தெரிந்தது. வேலை விஷயத்தில் அவருக்கு அது வராது.

"நான் மாட்டினது மிஹா," என்றார். "ஆறு மாசம் ஓடும்."