நாற்பது டிகிரி வெந்நீர்

டாக்டரம்மா மச்சானின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளை அடித்த சுவர் மாதிரி இருந்தது.

“நாலு நாளா மருந்து ஏத்துறோம், காய்ச்சல் அசையவே இல்ல. நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“அக்கா புருஷன் டாக்டர். வேலைக்காரங்களுக்கான ஒரே ஹாஸ்டல்ல இருக்கோம். அவர் லாண்டரியில வேலை பாக்குறாரு. நான் ஹாஸ்டல் மெயின்டனன்ஸ்.”

“குடிக்கிற தண்ணி?”

“எல்லாரும் குடிக்கிற கேன் தண்ணிதான். நாப்பத்திரண்டு பேர்ல வேற யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்ல.”

“குளிக்கிற தண்ணி?”

வெந்நீர்த் தொட்டி என் பொறுப்பு. அறுபது டிகிரிக்குக் கீழே இறக்கக்கூடாது என்று அதன்மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. போன மாதம் மச்சான் துண்டைப் பிடித்துக்கொண்டு குளியலறையிலிருந்து ஓடி வந்து, “டேய் மாப்ள, குளிக்கச் சொல்றியா, கோழி உரிக்கிற மாதிரி என்னை உரிக்கப் போறியா?” என்று கத்தினார். வராந்தாவே சிரித்தது. அன்றைக்கே நாற்பதுக்கு இறக்கிவிட்டேன்.

சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் மச்சானே போய்விடுவார். சொன்னேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

“முதல் நாளே நாங்க கேட்டிருக்கணும். அந்தச் சூட்டுல ஒரு கிருமி பெருகும். ஷவர்ல தண்ணி பொடிப்பொடியாத் தெறிக்குதுல்ல, அதை மூச்சுல இழுத்தா நேரா நுரையீரலுக்குப் போயிடும். அங்க காவலுக்கு செல் இருக்கு. வர்ற கிருமியை முழுங்கிக் கொன்னுடும். இவனையும் முழுங்கும். இவன் சாக மாட்டான். அதோட வயித்துக்குள்ளயே அறை கட்டிக் குடியிருந்து, ஆயிரமாப் பெருகி, உடைச்சுட்டு வெளிய வருவான்.”

“போலீஸ்காரர் வயித்துக்குள்ள திருடன் குடும்பம் நடத்துற மாதிரியா?”

“அதேதான். நாங்க குடுத்த மருந்து வெளியவே தேடிட்டிருந்துச்சு. செல்லுக்குள்ள நுழையுற மருந்து வேற இருக்கு.”

“இதை எங்க டாக்டர் கத்துக்கிட்டான்?”

“குளம் குட்டையில. அங்க அமீபான்னு ஒரு சின்ன உயிர் இவனை முழுங்கும். அதுக்குள்ள பிழைச்சுப் பழகினவன். மனுஷன் நுரையீரல் இவனுக்கு இன்னொரு குளம், அவ்வளவுதான்.”

எழுந்து வர மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மதியம் சிறுநீர்ப் பரிசோதனையில் அவன்தான் என்று உறுதியானது. மருந்தை மாற்றினார்கள். மேனேஜரிடமும் நானே சொன்னேன். அவர் ஷவர்களை மூடச் சொல்லிவிட்டு, விசாரணை முடியும்வரை தொட்டியறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை மச்சானுக்குக் காய்ச்சல் இறங்கியது. கஞ்சி கேட்டார். அதன்பிறகுதான் அக்காவுக்குப் போன் செய்யத் தைரியம் வந்தது. நடந்ததையெல்லாம் சொன்னேன்.

“அக்கா, சூட்டைக் குறைச்சது நான்தான்.”

அக்கா கேட்டாள். “நீயும் அதே தண்ணியிலதானே குளிச்சே?”

“ஆமா.”

“உனக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்லக்கா.”

“முதல்ல போய் டாக்டர்கிட்ட காட்டு, மடையா. உன்னைத் திட்டுறதை அப்புறம் வச்சுக்கறேன்.”

காட்டினேன். ஒன்றுமில்லை என்றார்கள். மச்சானுக்கு வயதும் சர்க்கரையும் சிகரெட்டும் என்று டாக்டரம்மா காரணம் சொன்னார். ஆனால் நானும் அதே சாரலை மாதம் முழுக்க மூச்சில் இழுத்தவன்தான். என் நெஞ்சுக்குள்ளும் எவனோ வந்திருப்பான், எதுவோ அவனை விழுங்கிச் சரியாகக் கொன்று முடித்திருக்கும். அவ்வளவு பெரிய சண்டை நடந்த நேரத்தில் நான் பல் தேய்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.