நடுக் கட்டத்தில் சுஃபியான்

பாமாயில் தொட்டியைக் கழுவ இறங்கிக் காணாமல்போன சுஃபியான், ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டோல்கேட் ஹபீபுல்லா டீக்கடைக்கு வந்து, சர்க்கரை கம்மியாக ஒரு டீ கேட்டான். அன்றைக்கு டீ பதினைந்து ரூபாய், சமோசா பத்து. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அவன்மேல் எண்ணெய் வடிந்துகொண்டிருந்தது. ஹபீபுல்லா தன் கையிலிருந்த செல்போனையும் எதிரே பெஞ்சில் இருந்தவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீயை ஆற்றிக் கொடுத்தார். பாதி குடிப்பதற்குள் ஆளைக் காணவில்லை. பெஞ்சில் படிந்த கறை சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நம்பாதவர்கள் நேரில் போய்த் தொட்டுப் பார்க்கலாம், ஹபீபுல்லா ஒன்றும் சொல்லமாட்டார்.

முதலிலிருந்து சொல்கிறேன். திருவொற்றியூருக்கு வடக்கே, கப்பலில் வரும் எண்ணெயை இறக்கி வைக்கும் கிடங்கு ஒன்று இருக்கிறது. பெயரை எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும், ஆகவே கிடங்கு என்றே வைத்துக்கொள்வோம். தண்டையார்பேட்டை ஜெரினாவின் மகன் சுஃபியான் அங்கே கான்ட்ராக்டில் வேலை பார்த்தவன். பெரிய புயல் அடித்ததற்கு அடுத்த வருஷம் ஒருநாள் காலையில் ஆறாம் நம்பர் தொட்டிக்குள் இறங்கினான், ஏறி வரவில்லை. மூடிக் கிடந்த எண்ணெய்த் தொட்டிக்குள் மூச்சுவிடக் காற்று இருக்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் இறக்கினார்கள். பின்னால் இறங்கித் தூக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. தொட்டியில் எண்ணெயை நிரப்பி மூடி, 'வால்வு பழுது' என்று போர்டு மாட்டிவிட்டார்கள் என்று உள்ளே வேலை செய்தவர்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். வாய்விட்டுப் பேசினால் மறுநாள் வேலை இருக்காது. ஜெரினாவும் மகள் உமைமாவும் கேட்டில் போய் நின்றபோது பதில் சொல்ல வந்தவர் மேஸ்திரி சின்னப்பையன். சுஃபியானை வேலைக்குச் சேர்த்துவிட்டவரே அவர்தான். ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர்கள் வீட்டு பிரியாணியைத் தின்றவரும் அவர்தான்.

"அப்டி ஒரு ஆளே இங்க வேலைக்கு வர்லமா" என்றார் சின்னப்பையன், தரையைப் பார்த்தபடி. "எவளயாவது இட்டுகினு ஆந்திரா பக்கம் பூட்டுருப்பான். அங்க போயி தேடு."

செத்துவிட்டான் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பார்கள். அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்றதுதான் உமைமாவுக்குப் பொறுக்கவில்லை. மய்யித்து என்று ஓர் உடல் இல்லாமல் ஜனாஸா தொழுகை வைக்க முடியவில்லை, எந்த நாளிலிருந்து எண்ணி நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுவது என்றும் தெரியவில்லை. ஜெரினா மகனை அடக்கம் செய்யவும் முடியாமல் தேடவும் முடியாமல் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கிறவளாகிப் போனாள். போகாத ஆபீஸ் இல்லை, கொடுக்காத மனு இல்லை. உமைமாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அண்ணன் அங்கே வேலை செய்தான், அங்கேதான் செத்தான் என்று கிடங்கு தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உமைமா கம்ப்யூட்டர் படித்தவள், ராயபுரத்தில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்த்தாள். பக்கத்து மளிகைக்கடை ஆன்றோவும் அவளும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். இருவரும் சேர்ந்து செல்போனில் ஆடும் சின்னச் சின்ன விளையாட்டுகள் செய்வார்கள். அதற்கென்று இணையத்தில் ஒரு போட்டி நடக்கும், கேம் ஜாம் என்பார்கள். அவர்கள் கொடுக்கும் தலைப்பில் மூன்று நாளைக்குள் ஒரு விளையாட்டைச் செய்து ஏற்றிவிட வேண்டும். அந்த வருஷத் தலைப்பு 'பயமும் ஞாபகமும்'. கவிழ்த்து வைத்த சீட்டுகளை இரண்டிரண்டாகத் திருப்பி ஒரே படத்தை ஜோடி சேர்க்கிற ஞாபக விளையாட்டையே இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். துறைமுகக் கிரேன், நிலக்கரி வேகன், கடல் தின்ற வீடு, சாம்பல் படிந்த முள்மரம் என்று படங்களை உமைமா வரைந்தாள். ஜோடி தப்பினால் திரை கொஞ்சம் இருட்டும், யாரோ மூச்சுக்குத் திணறுகிற சத்தம் கொஞ்சம் கிட்டே வரும். அந்தச் சத்தத்துக்காக ஆன்றோ கடையிலிருந்த காலி எண்ணெய் டின்னுக்குள் தலையை விட்டு இரைந்துகொண்டிருந்ததை அவன் அப்பா பார்த்துவிட்டுப் பையனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார்.

கணக்கில் புலி என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு பேரும் ஒரு தப்புச் செய்தார்கள். பார்க்க அழகாக இருக்கிறதென்று வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை போட்டிருந்தார்கள். இருபத்தைந்து ஒற்றைப்படை என்பது கடைசி நாளில்தான் உறைத்தது. பன்னிரண்டு ஜோடி போக நடுவில் ஒரு கட்டம் மிஞ்சியது. அதை வெறுமனே விட்டுவிடலாம் என்றான் ஆன்றோ. உமைமா தன் செல்போனிலிருந்து அண்ணனின் படத்தை எடுத்து அங்கே வைத்தாள்.

"ஜோடி இல்லாத கார்ட வெச்சா ஆட்டம் எப்டி முடியும்?" என்றான் ஆன்றோ.

"முடிய வேணாம். நம்ம தோத்தாலும் பரவால்ல. அவன் இல்லவே இல்லன்றானுங்கல்ல, எவன் ஆடுனாலும் அவன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் போவணும்."

அப்படியேதான் ஏற்றினார்கள். முதலில் ஆடி எல்லா ஜோடியையும் சேர்த்தவர் ஹபீபுல்லா. அவர் கடைக்கு யார் வந்தார் என்பதைச் சொல்லியாகிவிட்டது. போட்டி நடுவர்களில் ஒருவர் பூனாக்காரர். அவர் வீட்டு மிதியடியில் மறுநாள் எண்ணெய்க் கால்தடம் கிடந்தது. அவர் பயத்துக்கு முழு மதிப்பெண்ணும், முடிவில்லாத ஆட்டம் என்பதால் முழுமைக்குப் பூஜ்யமும் போட்டார். பரிசு கிடைக்கவில்லை. உமைமா அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. ஒருவர் ஆடி நடுச்சீட்டு மட்டும் மிஞ்சினால் சுஃபியான் பாதி டீ குடிக்கிற நேரம் இருப்பான், இரண்டு பேர் ஆடினால் முழு டீ என்பதை அதற்குள் டோல்கேட் கண்டுபிடித்துவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? ரேஷன் கடை வரிசையிலும் ஷேர் ஆட்டோவிலும் கும்மிடிப்பூண்டி ரயிலிலும் ஜனங்கள் ஆடத் தொடங்கினார்கள். சுஃபியான் வீட்டுக்கு வந்தான். ஜெரினா முந்தானையால் அவன் தலையைத் துடைத்தாள், துடைக்கத் துடைக்க ஊறியது. "இன்னாடா கோலம் இது, சாப்ட்டியா?" என்று கேட்டு அழுதாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு, "ஷிப்டுக்கு டைம் ஆச்சிமா" என்று எழுந்து வடக்கே நடந்துவிட்டான்.

கிடங்கு வாசலில் ரேகை வைக்கிற மிஷின் உண்டு. அதிலிருந்து அவன் பெயரை எப்போதோ அழித்திருந்தார்கள். சுஃபியான் கட்டைவிரலை வைத்ததும் மிஷின் மற்றவர்களுக்குச் சொல்வதுபோலவே 'தேங்க் யூ' என்றது. காவலாளி கதவைத் திறந்துவிட்டார், மிஷின் விட்டபின் அவர் யார் தடுக்க? அன்று சின்னப்பையன் வயிற்றுவலி என்று லீவு போட்டவர், வாரம் முழுக்க வயிற்றுவலியாகவே இருந்தார்.

மேலாளர் உமைமாவைக் கூப்பிட்டனுப்பி ஏ.சி. அறையில் உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார். ஆபீஸிலேயே கம்ப்யூட்டர் வேலை போட்டுத் தருவதாகவும், அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதுமென்றும் சொன்னார்.

"எங்க அண்ணன் இங்க வேல செஞ்சான்னு மொதல்ல சொல்லுங்க சார். அப்பால என் வேலயப் பத்திப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு, ஜூஸைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

கிடங்குக்காரர்கள் வக்கீலை வைத்து எழுதி, இணையத்திலிருந்து ஆட்டத்தையே எடுக்கவைத்தார்கள். இரண்டு நாள் சுஃபியான் வரவில்லை. ஜெரினா சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வண்ணாரப்பேட்டையில் காலண்டர் மொத்த வியாபாரம் செய்யும் ராமசெல்வி வந்து படங்களை வாங்கிக்கொண்டு போனார். சிவகாசிக்காரர், அச்சு விஷயத்தில் அவரை மிரட்ட ஒருவனும் பிறக்கவில்லை. "வெப்சைட்டத்தானே எடுப்பான்? வூட்டுக்கு வூடு அட்டையப் புடுங்க ஆள் வெப்பானா?" என்றவர், ஊரிலிருந்து லாரியில் வந்த தினசரிக் காலண்டர் கட்டுகளோடு கட்டாகச் சீட்டுக்கட்டுகளையும் இறக்கினார். அட்டைச் சீட்டில் ஆடினாலும் சுஃபியான் வந்தான். காகிதம் என்பதால் சற்றுக் கூடுதல் நேரமே இருந்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை, சொல்லிவைத்தாற்போல் ராயபுரத்திலிருந்து அத்திப்பட்டு வரை வீட்டுக்கு வீடு சீட்டைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார்கள். மார்க்கெட்டில் எடை போடுகிறவன் ஆடினான், ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர் ஆடினார். சுஃபியான் ரேகை வைத்து உள்ளே போய், ஏணியில் ஏறி, ஆறாம் நம்பர் தொட்டியின் மூடிமேல் உட்கார்ந்துவிட்டான். மறையவே இல்லை. கிடங்கில் வேலை செய்தவர்கள் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டுத் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். வெளியே ஜெரினாவும் உமைமாவும், அவர்களுக்குப் பின்னால் தெருவும் நின்றது. வேறு வழியில்லாமல் மேலாளர் சின்னப்பையனை வயிற்றுவலியோடு வரவழைத்தார். அவரைக் கண்டதும் சுஃபியான் மேலிருந்து, அன்று கேட்டதுபோலவே மரியாதையாகக் கேட்டான்.

"மேஸ்திரி, எறங்கட்டா?"

சின்னப்பையன் ஏணியடிக்கு ஓடினார். "வேணாண்டா சுஃபி" என்று கத்தினார். "எறங்காதடா! என் ஆளுதான் சார் இவன். நான்தான் அன்னிக்கி எறக்கி வுட்டேன். இதுக்குள்ளதான் கீறான். யம்மா ஜெரினா, உம்புள்ள இதுக்குள்ளதான் கீறான்." மேலாளர் அவர் வாயைப் பொத்தப் பார்த்தார். சுற்றி நின்ற அத்தனை பேரும் கேட்டாகிவிட்டது.

தொட்டியை வடித்தார்கள். அடியில் உறைந்த எண்ணெய்க்குள் அவன் கெடாமல், தூங்குகிறவன்போல இருந்தான். தொழுகையில் ஜமாத்தே திரண்டது. கடைசி வரிசையில் சுஃபியானும் வந்து நின்றதைப் பார்த்த பக்கத்து ஆள் சற்று நகர்ந்து இடம் விட்டார், வரிசை கோணக்கூடாது பாருங்கள். நாற்பதாம் நாள் பாத்திஹாவும் குறைவின்றி நடந்தது. இத்தோடு சீட்டை மூடிவிடலாமா என்று உமைமா உம்மாவிடம் கேட்டாள். "அவனா போறேன்னு சொன்னான்?" என்றாள் ஜெரினா. அவன் சொல்லவில்லை.

ஆகவே ஆட்டம் இன்றும் நடக்கிறது, அவன் இன்றும் வேலைக்குப் போகிறான். அவன்மேல் எண்ணெய் வடிவது நின்றுவிட்டது. அந்தக் கிடங்கில் எந்தத் தொட்டியைக் கழுவுவதானாலும் முதலில் சுஃபியான் எட்டிப் பார்ப்பான். சரி என்றால் இறங்குவார்கள். கையை நீட்டி மறித்தால், முதலாளியே வந்து நின்றாலும் ஒருவனும் இறங்கமாட்டான். புது மேலாளர் ஒருமுறை அதட்டிப் பார்த்தார், பிறகு அவரே பழகிக்கொண்டார். இப்போது காலையில் வந்ததும், "சுஃபியான் இன்னா சொல்றாரு?" என்றுதான் கேட்கிறார். நேற்று இரண்டாம் நம்பர் தொட்டிக்கு வேண்டாம் என்று கை காட்டினான். மூடியைத் திருகி இறுக்கிவிட்டு, அவரவர் வேறு வேலையைப் பார்க்கப் போனார்கள்.