கியரின் மேல் ஒரு கை

"குடிச்சிருந்தனியோ?"

கார் மோதிவிட்டது என்று சுதாகரன் சொன்னதும் கனடாவிலிருந்து அண்ணை பிரகலாதன் கேட்ட முதல் கேள்வி இதுதான். யாருக்காவது அடிபட்டதா, நீ சுகமா என்பதெல்லாம் பிறகுதான் வந்தது.

சுதாகரன் வாழ்க்கையில் ஒரு சொட்டும் வாயில் வைத்தவனில்லை. அது அண்ணைக்கும் தெரியும். ஆனால் கார் அண்ணையுடையதாயிற்றே. வருடா வருடம் தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயில் திருவிழாவுக்கு வந்து ஓடுவதற்கென்று வாங்கி, மற்ற மாதங்களில் பற்றரி இறங்காமல் பார்த்துக்கொள் என்று தம்பியிடம் விட்டிருந்தார். விட்டாரே தவிர நம்பி விடவில்லை. தம்பி கள்ளமாக ஹயருக்கு, வாடகைக்கு ஓடுகிறானோ என்ற ஐமிச்சத்தில் மாதம் ஒருமுறை மீட்டரைப் படம் பிடித்து அனுப்பச் சொல்வார். இருக்கைகளின் பொலித்தீன் உறையைக்கூடக் கழற்ற விடவில்லை. ரிமோட்டுக்கும் உறை போட்டு வைக்கிற சனமல்லவா நாங்கள்! காரோடு வந்த கால்விரிப்பு அழுக்காகிவிடும் என்று, அதன் மேல் போட இன்னொரு தடித்த றப்பர் விரிப்பையும் சூட்கேசில் காவிக்கொண்டு வந்து தன் கையாலேயே விரித்துவிட்டுப் போயிருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். எங்கள் ஊர்த் திருநெல்வேலிச் சந்தை தாண்டிப் பலாலி வீதியில் ஒரு பஸ்ஸை முந்துவதற்காகச் சுதாகரன் அக்சிலரேற்றரில் காலை நன்றாக அழுத்தினான். கார் சீறியது. காலை எடுத்த பிறகும் சீறிக்கொண்டே போனது. பதறிப்போய்ப் பிறேக்கை விட்டு விட்டு மிதித்தான். அது கல்லாக இறுகிக்கொண்டது. கடைசியில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் கும்பியில் ஏறித்தான் நின்றது.

"அதுவாப் பாஞ்சதோ?" என்று கேட்டவர்கள் எல்லோரும் ஒரு மாதிரிச் சிரித்தார்கள். கராஜ்காரன் சிமியோன் விரிப்புகள் இரண்டையும் எடுத்து வெளியே தட்டிப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஆராய்ந்து பார்த்தான். ஒரு பிழையும் இல்லை. "கால் மாறி மிதிச்சிருப்பியள்" என்று சொல்லி, விரிப்புகளை முன்பு கிடந்தபடியே ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக் கார்த் திறப்பைக் கொடுத்தான். வீட்டில் மனைவி ஆரணி சோறு போடுகிற சாட்டில் கிட்ட வந்து மூச்சை மெல்ல இழுத்துப் பார்த்தாள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. பதினைந்து வருடம் கூட வாழ்ந்தவள்!

சில நாட்கள் தன் வலது காலையே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு திரிந்தான். பிறகு சந்தேகத்தைக் கார் பக்கம் திருப்பினான். யூரியூப்பில் தேடித் தேடிப் பார்த்தான். பிறேக்கை ஒரே மிதியாக மிதித்து விடாமல் பிடிக்க வேண்டும். கியரை நியூட்றலுக்குத் தள்ள வேண்டும். ஓரமாக நின்ற பிறகுதான் என்ஜினை நிற்பாட்ட வேண்டும். காலையில் வீட்டு வளவுக்குள் காரில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, 'D'யிலிருந்து 'N'க்குத் தட்டித் தட்டிப் பழகினான். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டார், மனுசனுக்கு மண்டை பிசகிவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

திருவிழாவுக்கு அண்ணையும் அவர் மனைவி, மச்சாள் கேதீஸ்வரியும் வந்திறங்கினார்கள். தொண்டைமானாற்றுக்குப் புறப்பட்ட காலை அண்ணை நெற்றி நிறையத் திருநீறு பூசி, விரதத்தோடு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார்.

"நான் ஓடிக் காட்டிறன், வந்து இரு" என்றார் தம்பியிடம்.

சுதாகரன் இடது பக்கம் ஏறினான். மச்சாள் பின்னால் அருச்சனைத் தட்டோடு இருந்தா. அச்சுவேலி தாண்டும் மட்டும் கார் பசுப் போலப் போனது. அண்ணை அடிக்கடி தம்பியைக் கடைக்கண்ணால் பார்த்துச் சிரித்தார். சுதாகரனின் வலது கை தானாகவே கியருக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டது.

முன்னால் அடியார்களை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று ஊர்ந்தது. "இப்பிடித்தானே முந்தினனி?" என்று அண்ணை காலை அழுத்தினார்.

கார் சீறியது. உழவு இயந்திரத்தைத் தாண்டியும் சீற்றம் அடங்கவில்லை. முன்னே வீதியை அடைத்துக்கொண்டு காவடிகளோடு சனம் நடந்து போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ, நிக்குதில்லை! நிக்குதில்லை!" அண்ணை பிறேக்கை விட்டு விட்டு மிதித்தார்.

"ஒரே மிதியா மிதியுங்கோ! காலை எடுக்காதேங்கோ!" சுதாகரன் கத்திக்கொண்டே கியரைத் தட்டினான்.

என்ஜின் அந்தரத்தில் ஓலமிட்டது. வேகம் செத்தது. கடைசிக் காவடிக்காரன் திரும்பிப் பார்ப்பதற்குள் கார் பனையோரம் ஒதுங்கி நின்றது. சுதாகரன் கையை நீட்டி என்ஜினை நிற்பாட்டினான். தட்டிலிருந்த தேங்காய் உருண்டு போய்க் கதவடியில் கிடந்தது.

அண்ணைக்கு முதலில் வந்தது சந்தேகம்தான்.

"உன்ரை கை ஏன் முதலே கியரிலை கிடந்தது? காருக்கு என்னடா செய்து வைச்சனி?"

சுதாகரன் அவருடைய காலடியைக் குனிந்து பார்த்தான். மேலே கிடந்த றப்பர் விரிப்பு முன்னுக்கு வழுக்கிப் போய், அதன் விளிம்பு அக்சிலரேற்றரை அமத்திப் பிடித்திருந்தது.

"உந்த விரிப்பைப் பாருங்கோ அண்ணை."

அண்ணை பார்த்தார். "உதை ஆர் போட்டது?"

"நீங்கள்தானே! சூட்கேசிலை இடமில்லையெண்டு என்ரை சீலையளை எடுத்து வெளியிலை போட்டிட்டுக் கொண்டந்தனீங்கள்" என்றா மச்சாள்.

அண்ணை ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்தார். "நான் பிறேக்கைத்தான் மிதிச்சனான், தம்பி. சந்நிதியான் அறிய, பிறேக்கைத்தான்..."

சுதாகரன் அவர் பக்கம் சரிந்து, ஆரணி பார்த்தது போலவே மூச்சை மெல்ல இழுத்துப் பார்த்தான்.

"குடிச்சிருந்தனீங்களோ, அண்ணை?"