மூன்று காலுக்கும் பிளாஸ்டர்

சக்கரபாணி செராமிக்ஸில் இருபத்திரண்டு வருஷம் அச்சு மாஸ்டராக இருந்த கொளஞ்சிக்கு, கம்பெனி எடுத்த போட்டோக்களில் கிடைத்த இடம் மொத்தமே ஒரு முழங்கைதான். பத்தாம் ஆண்டு விழாப் படத்தின் வலது ஓரத்தில் அது நீட்டிக்கொண்டிருக்கும். இருபதாம் ஆண்டுப் படத்தில் அதுவும் இல்லை. கேமராக்காரர் வந்த நேரத்தில் மாஸ்டர் சூளைக்குப் பின்னால் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பாஞ்சாலை வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வூட்டுக்காரரு கம்பெனி போட்டோவுல இருக்காரு. முழங்கைய மட்டும் பாத்துக்குங்க" என்று சொல்லிச் சிரிப்பாள்.

2006இல் கம்பெனிக்கு வெள்ளிவிழா வந்தது. ஆபீஸ் சுவர் முழுக்க ஒரு படம், அதையே சிவகாசியில் கொடுத்து அடுத்த வருஷக் காலண்டர் என்று முதலாளி சக்கரபாணி முடிவு செய்தார். "இந்த வாட்டி நீ என் பக்கத்துல உக்கார்ற கொளஞ்சி" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். கொளஞ்சிக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பஸ் ஏறினார்.

அங்கே இருந்தவர் சாமிக்கண்ணு, கொளஞ்சியின் மகள் ஜெயஸ்ரீக்கு மாமனாராகப் போகிறவர். தை மாதம் கல்யாணம். மனிதர் நல்லவர்தான், ஆனால் கண்ணால் பார்க்காத எதையும் நம்பமாட்டார். "மாஸ்டரு மாஸ்டருங்கறீங்க. மண்ணு கொழைக்கிற வேலதானே சம்பந்தி?" என்று நிச்சயதார்த்தத்தன்றே நாலு பேர் நடுவில் கேட்டவர். அந்தக் கேள்வி கொளஞ்சிக்கு மூன்று மாதமாகத் தொண்டையில் நின்றது. "காலண்டர் வரட்டும். மொதலாளி பக்கத்துல யாரு உக்காந்துருக்காங்கன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் திரும்பினார்.

புகைப்படக்காரர் ராஜ்மோகன் பாண்டிச்சேரியிலிருந்து வந்தார். சுவர் அளவு படத்துக்குச் சின்னக் கேமரா ஆகாது என்று பெட்டி மாதிரி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். தேக்குச் சட்டம், ஆர்மோனியத் துருத்தி போல நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு தோல், முன்னால் பெரிய லென்ஸ். எப்படியும் பத்து கிலோ தேறும். அதற்கு வாய்த்த மூன்று கால் ஸ்டாண்டோ கல்யாண வீடியோ எடுக்கிற நோஞ்சான். போதாக்குறைக்குக் கேமராவின் அடியில் இருந்த ஓட்டை மூணு நூல் அகலம், ஸ்டாண்டின் திருகு ரெண்டு நூல்தான். இரண்டையும் பொருத்துகிற புஷ்ஷை ஸ்டூடியோ மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்திருந்தார் ராஜ்மோகன்.

"குடுங்க சார்" என்று வாங்கிக்கொண்டார் கொளஞ்சி. பக்கத்து ஷெட்டு லேத்தில் அரை மணியில் ஒரு பித்தளைப் புஷ் கடைந்து வந்தது. கேமரா திருகில் சுற்றாமல் இருக்க, இடையில் சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி வைத்தார். கனமெல்லாம் லென்ஸ் பக்கம் இருப்பதால் ஒரு கால் நேர் முன்னால் வரவேண்டும் என்று ராஜ்மோகன் சொன்னார். அதையும் திருப்பி வைத்து, மேலே நீர்மட்டம் பார்த்து முடித்தார்கள். எல்லாம் சரி, கால்கள்தான் நிற்கவில்லை. பீங்கான் மாவு படிந்து படிந்து வழவழப்பாகிப்போன சிமெண்டு முற்றம் அது. தொட்டால் வழுக்கியது.

"நடுவுல ஒரு மணல் மூட்டையத் தொங்கவுட்டா போதும் மாஸ்டர்" என்றார் ராஜ்மோகன்.

கொளஞ்சி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் பிளாஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் மணல் மூட்டையைத் தேடிப் போவானா? நாற்காலிகள் போட்டாயிற்று, ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு ஒட்டியாயிற்று. முதலாளிக்கு வலது பக்கம் 'கொளஞ்சி மாஸ்டர்'. முப்பத்தொன்பது பேரும் கட்டத்துக்குள் வருவதை ராஜ்மோகன் கேமராவின் கறுப்புத் துணிக்குள் நுழைந்து இரண்டு முறை உறுதி செய்தார். அதன்பிறகு கொளஞ்சி மூன்று காலைச் சுற்றியும் களிமண்ணில் வரப்புக் கட்டினார், பிளாஸ்டர் மாவைக் கரைத்தார், வாயைத் திறந்தார்.

"ஊத்தறேன்! ஆடாத!"

அந்த ஷெட்டின் சட்டம் அது. அச்சுக்குப் பிளாஸ்டர் ஊற்றும்போது பக்கத்தில் யாராவது திம்மென்று நடந்தால் குமிழி விழுந்து அச்சு கெட்டுவிடும். அதனால் அந்தக் குரல் கேட்டால் சுமை தூக்குகிறவன் சுமையோடு, டீ குடிக்கிறவள் டம்ளரோடு அப்படியே நின்று குரல் வந்த பக்கம் பார்க்கவேண்டும். ஆரம்ப நாளில் கூட நின்று மாவு கரைத்த முதலாளியும் அதற்கு விலக்கில்லை. இருபது நிமிஷத்தில் மாவு இறுகியது. ராஜ்மோகன் கேமராவை லேசாகத் தள்ளிப் பார்த்தார். சூளையைத் தள்ளின மாதிரி இருந்தது.

"யானை வந்து ஒரசுனாலும் அசையாது சார்" என்றார் கொளஞ்சி. முகம் கழுவி, வெள்ளைச் சட்டை மாற்றி, தலை வாரிக்கொண்டு வந்தார்.

அப்போதுதான் முதலாளியின் காருக்குப் பின்னால் ஒரு வேன் வந்து நின்றது. முதலாளியின் மகள், மருமகன், மருமகனின் அப்பா, அம்மா, பட்டுப்புடவையில் ஒரு அத்தை. ஐந்து பேரும் முன்வரிசையில்தானே உட்காரமுடியும்? வரிசைகள் அகன்றன. துணிக்குள்ளிருந்து ராஜ்மோகனின் குரல் வந்தது. "ரெண்டு பக்கமும் வெட்டுது சார். கேமராவை மூணடி பின்னால தள்ளணும்."

எல்லாரும் மூன்று வெள்ளைக் கட்டிகளையும் பார்த்தார்கள். பிறகு கொளஞ்சியைப் பார்த்தார்கள். உளி வைத்து உடைத்தால் மட்டமெல்லாம் போய்விடும், இன்னும் பத்து நிமிஷத்தில் சூளைப் புகைபோக்கியின் நிழல் முற்றத்தில் விழுந்துவிடும் என்று கையை விரித்தார் ராஜ்மோகன்.

நெருக்கி நெருக்கி எல்லாரையும் அடக்கினார்கள். அத்தைக்கு மட்டும் நாற்காலி இல்லை. சக்கரபாணி தன் வலது பக்கத்தை ஒருமுறை பார்த்தார், கொளஞ்சியை ஒருமுறை பார்த்தார். கொளஞ்சியே எழுந்தார், பெயர்ச் சீட்டின் மேல் அத்தை உட்கார்ந்தாள். அவர் பின்வரிசைக் கடைசியில் போய் ஒண்டிக்கொண்டார்.

"மாஸ்டர், உங்க முழங்கை மட்டுந்தான் தெரியுது" என்றார் ராஜ்மோகன்.

கூட்டம் சிரித்தது. "நீ அங்க போயி கேமராகிட்ட நில்லு கொளஞ்சி. நீ ஒட்டவச்ச காலு, நீயே பாத்துக்க" என்றார் முதலாளி. கொளஞ்சி போய்க் கேமராவுக்கு வலது பக்கம் நின்றார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு போட்டோவுக்காக அழுதால் ஊர் சிரிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அவர் கட்டிய காலாவது கொஞ்சம் ஆடக் கூடாதா? ஆடவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

"ஒரு செகண்டு யாரும் அசையக் கூடாது, லென்ஸைப் பாருங்க" என்று ராஜ்மோகன் கத்தினார். பாண்டிச்சேரிக் குரல் அந்த முற்றத்தில் எடுபடவில்லை. ஒருத்தி முந்தானையை இழுத்தாள், ஒருவன் தும்மினான், அத்தை வளையலைத் தள்ளிவிட்டாள். நிழல் நெருங்கிக்கொண்டிருந்தது. "மாஸ்டர், நீங்க ஒரு சத்தம் குடுங்க" என்றார் அவர்.

கொளஞ்சி இருந்த கோபத்தையெல்லாம் தொண்டைக்குக் கொண்டுவந்தார்.

"ஊத்தறேன்! ஆடாத!"

முற்றம் உறைந்தது. கிளிக்.

மார்கழியில் காலண்டர் வந்தது. கொளஞ்சி அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இல்லாத முகத்தை எதற்குத் தேடுவது? ஆனால் சாமிக்கண்ணு இரண்டு முறை போன் போட்டுக் கேட்டுவிட்டார். தப்ப வழியில்லாமல் சுருட்டியபடியே கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் போனார்.

சாமிக்கண்ணு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலண்டரை ஆணியில் தொங்கவிட்டு, விரலை வைத்து ஒவ்வொரு முகமாகப் போனார். "மொதலாளிக்குப் பக்கத்துல யாரோ ஒரு அம்மா இல்ல உக்காந்துருக்குது? நீங்க எங்க சம்பந்தி?"

பஸ்ஸில் மூன்று பதில்கள் தயார் செய்துவைத்திருந்தார் கொளஞ்சி. மூன்றையும் விட்டுவிட்டுத் துண்டு நுனியைத் திருகினார். தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா, இவங்கள்லாம் நேரா பாக்காம அந்தாண்ட எங்க பாக்கறாங்க? எதுனா ஊர்வலம் போச்சா?"

கொளஞ்சி நிமிர்ந்தார். முதல்முறையாகப் படத்தைப் பார்த்தார். நாற்பத்துமூன்று பேர், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல், லென்ஸை விட்டுவிட்டு அதற்கு வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விவரம் தெரியாத மருமகனும் அத்தையும்கூட, எல்லாரும் பார்க்கிறார்களே என்று அங்கேயே பார்த்தார்கள். முதலாளி நாற்காலி நுனிக்கு வந்து, அந்தக் காலத்து வேலையாள் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கொளஞ்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க நேரா நில்லுங்க சம்பந்தி" என்று சாமிக்கண்ணுவைப் படத்துக்கு முன்னால் நிறுத்தினார். அவருக்கு வலது பக்கம் இரண்டடி தள்ளிப் போய்த் தானும் நின்றார்.

"இப்பப் பாருங்க, யாரப் பாக்கறாங்கன்னு."

சாமிக்கண்ணு படத்தைப் பார்த்தார், கொளஞ்சியைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மொதலாளியுமா?" என்றார்.

"மொதலாளியுந்தான்" என்றார் கொளஞ்சி.