திருப்பிப் போட்ட ஆக்சில்

முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டாள். ஜீப் பின்னால் போனது.

சரிவில் உருள்கிற மாதிரி இல்லை. யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி விறுவிறுவென்று போய், கொட்டகைச் சுவரோரம் இருந்த தண்ணீர் டிரம்மைச் சாய்த்துவிட்டு நின்றது. இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் அவள். கழுத்தைத் திருப்பிப் பார்க்காமல் ஒருநாள்கூட வண்டியைப் பின்னால் எடுத்ததில்லை. பின்னால் எந்தப் பிள்ளை நிற்குமோ என்கிற பயம் கழுத்தெலும்பிலேயே ஊறியிருந்தது. இன்றைக்கு முன்னால் பார்த்தபடியே பின்னால் போயிருக்கிறாள்!

"அண்ணி! ரிவர்ஸைப் போட்டுட்டீங்க!" என்று ஓடிவந்தான் கொழுந்தன். வெல்டிங் கடை வைத்திருப்பவன்; எதையும் சத்தமாகத்தான் சொல்வான்.

"ஒண்ணுதான் போட்டிருக்கேன் தம்பி. நீயே பாரு."

எட்டிப் பார்த்தான். ஒன்றுதான். இரண்டாவதைப் போட்டுப் பார்த்தார்கள். அதுவும் பின்னால்தான், இன்னும் வேகமாக. கடைசியில் ரிவர்ஸைப் போட்டாள். ஜீப் ரொம்ப மரியாதையாக முன்னால் நகர்ந்தது.

கொட்டகை வாசலில் இரண்டு தலையணைக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் பின் சக்கரத்தையே பார்த்தார். முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். 'ஸ்பானர்' என்றால்தான் அங்கே ஆள் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதயம் மக்கர் பண்ணியது. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வாய் மட்டும் அவருடையது, கை இவர்கள் இரண்டு பேருடையது. நாற்காலியிலிருந்து அவர் சொல்லச் சொல்ல இவர்கள் முடுக்கினார்கள்.

"பின் ஆக்சிலைத் தலைகீழாத் திருப்பிப் போடச் சொன்னது யாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்கதான்."

"எதுக்குச் சொன்னேன்?"

"சக்கரத்தைச் சுத்துற ஷாப்ட் உயரமா நிக்கும், பாறையில இடிக்காதுன்னு சொன்னீங்க."

"ஆக்சிலைத் திருப்பினா சக்கரமும் திரும்பித்தானே சுத்தும்? இது தெரியாமலா முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டினேன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. தோள் குலுங்கியது, இருமல் வந்தது, இருமலுக்கு நடுவிலும் சிரிப்பு நிற்கவில்லை. கொழுந்தன் தரையில் உட்கார்ந்தே விட்டான். அவளுக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு அதுவும் சிரிப்பாகிவிட்டது. இரண்டு மாதமாக அந்த வீட்டில் யாரும் இப்படிச் சிரித்ததில்லை. மனசு நிறைந்து போயிற்று.

அந்த ஜீப்பை அவர் வாங்கியபோது அதில் யாரோ கோழி அடைத்து வைத்திருந்தார்கள். சீட்டுக்கு அடியில் முட்டைகூட ஒன்று கிடந்தது. வருஷா வருஷம் பழைய கல்குவாரியில் நடக்கும் போட்டிக்கு அதைத் தயார் செய்யப் போவதாக அவர் சொன்னபோது மகள் தலையில் அடித்துக்கொண்டாள். பாறை மேல் ஏறி, இடுப்பளவு சேற்றில் இறங்கி, கவிழாமல் வெளியே வரவேண்டும், அதுதான் போட்டி. ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் கொட்டகைதான். கொழுந்தன் இரும்புக் குழாயை வளைத்துத் தலைக்கு மேல் கூண்டு கட்டினான். அவள் பழைய தார்ப்பாலினில் சீட்டு உறை தைத்தாள். அவரோ கழித்துப்போட்ட பஸ்ஸிலிருந்து பெரிய வெள்ளை விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து, ரிவர்ஸ் விளக்காக மாட்டினார்.

"சேத்துல விழுந்து புரளப்போற வண்டிக்கு ரிவர்ஸ் விளக்கு ஒரு கேடா?" என்று அவள் கேட்டதற்கு, "எல்லாம் முறைப்படி இருக்கணும் டிரைவரம்மா" என்றார். ஓட்டப்போவது அவள்தான். அவருக்கு வண்டியைப் பிரிக்கத் தெரியும், பூட்டத் தெரியும், ஓட்ட வராது. ஊருக்கே தெரிந்த ரகசியம் அது.

இந்த இரண்டு மாதத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இந்த வண்டி நம்ம வீட்டு கேட்டைத் தாண்டுறப்போ நான் அதுல இருக்கணும்." மாத்திரை வேண்டாம் என்றார், கஞ்சி வேண்டாம் என்றார். இதை மட்டும் தினம் ஒரு தடவை சொன்னார்.

சிரிப்பு அடங்கியதும் அவள் நாற்காலியருகே குந்தினாள். "ரிவர்ஸ்ல முன்னாடி போகுதுல்ல? ஏறுங்க. கேட்டைத் தாண்டி ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்."

"ரிவர்ஸ்ல என்ன வேகம் போகும்?"

"நடக்கிற வேகம்."

"நடக்கிற வேகத்துல போறதுக்கு நான் என்ன பொணமா?"

"வாயைக் கழுவுங்க!"

"டிப்போக்காரன் ஒருத்தன் பார்த்தாலும் மானம் கப்பலேறிடும். டேய் தம்பி, ஆக்சிலைக் கழட்டி நேராப் போட எத்தனை நாள் ஆகும்?"

"மூணு நாளு."

"சரி, மூணு நாள் கழிச்சு ஏறிக்கிறேன்" என்றார், ஏதோ அந்த மூன்று நாளும் அவர் கையில் இருக்கிற மாதிரி.

பிறகு டீ கேட்டார். இனிப்பு கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். முழுசாகக் குடித்தார். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொல்லி, கொட்டகையைப் பார்த்தபடி படுத்தார். கொழுந்தன் சக்கரத்தின் போல்ட்டைத் தளர்த்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "அவன் ஸ்பானரை இடது கையில புடிக்கிறான், சத்தத்துலயே தெரியுது" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. நாலு மணிக்கு எழுப்பப் போனபோது முகத்தில் காலையில் சிரித்த சிரிப்பில் கொஞ்சம் பாக்கியிருந்தது. கை ஆறியிருந்தது.

அவள் வாய்விட்டு அழுதாள். கொழுந்தன் ஓடிவந்து பார்த்துவிட்டு, திரும்பப் போய், தளர்த்திய போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கி வைத்தான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனைக் கேட்டால் அவனுக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் விடிந்ததும் மகள் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தாள். அழுது முடித்ததும் போனை எடுத்தாள். "வண்டிக்குச் சொல்லிடறேம்மா. கண்ணாடி வச்ச வண்டி இருக்காம்."

"வேண்டாம். நம்ம வண்டியில போவார்."

மகள் சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா தரையைப் பார்த்தான். "ஓடுமா அது?" என்றாள் மகள்.

"ஓடும்" என்றான். "ரிவர்ஸ்ல."

நேற்று நடந்ததை அவன் சொன்னான். "அம்மா, அப்பாவே வேண்டாம்னு சொல்லியிருக்கார். டிப்போ ஆளுங்க எல்லாரும் வருவாங்க. அப்பாவோட மானம் என்னாகிறது?"

"போனா என் மானம் போகட்டும். ஓட்டுறது நான்தானே?" என்றாள் அவள். "ரெண்டு மாசமா ஒண்ணே ஒண்ணுதான்டி கேட்டார். அந்தக் கேட்டை அவர் இந்த வண்டியிலதான் தாண்டணும். நேத்து மட்டும் நடக்கிற வேகம் அவருக்கு ஆகலை. இன்னைக்கு ஆகும்."

மகள் போனைக் கீழே வைத்தாள்.

பின்பக்கம் ஸ்டெப்னி மாட்ட வைத்திருந்த தாங்கியைக் கொழுந்தன் அறுத்தெடுத்தான். பலகை போட்டு, மெத்தை விரித்து, அவரைக் கிடத்தி, பாறையில் வண்டியை இழுக்க வாங்கிய நாடாவால் இரண்டு இடத்தில் கட்டினான். கட்டி முடித்து ஒரு தடவை ஆட்டிப் பார்த்தான். "அண்ணன் பார்த்தா திட்ட முடியாது" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய் மூக்கைச் சிந்தினான். மகள் சக்கரத்தின் மேட்டில் உட்கார்ந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மயானம் டிப்போவுக்குப் பின்னால்தான், அரை மைல் மண்பாதை. கேட்டுக்குள்ளே வண்டியின் பின்னால் முப்பது நாற்பது பேர் கூடி நின்றார்கள்.

அவள் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். சாவியை ஒரு தடவை திருப்பியதுமே இன்ஜின் பிடித்துக்கொண்டது. கிளட்சை மிதித்து ரிவர்ஸைப் போட்டாள். பின்னால் அந்த வெள்ளை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

வண்டி தங்கள் மேல் வரப்போகிறது என்று நினைத்துக் கூட்டம் மொத்தமும் அலறியடித்துக்கொண்டு ஒதுங்கியது. டிப்போ ஃபோர்மேன் மட்டும் நகரவில்லை. விளக்கைப் பார்த்தார், குனிந்து ஆக்சிலைப் பார்த்தார். "அட ஸ்பானரு! திருப்பிப் போட்டுட்டியாடா!" என்றார். சாவு வீடு என்பதையும் மறந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. ஃபோர்மேன் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரிவர்ஸைப் போட்டால் அவளுக்குக் கழுத்து தானாகப் பின்னால் திரும்பும். திரும்பியது. பின்னால் அவர் இருந்தார்.

"அம்மா" என்றாள் மகள். "முன்னாடி பாரும்மா. முன்னாடிதான் போகும்."

"தெரியும்டி. பார்க்கிறேன்" என்றாள் அவள். கழுத்தை முன்னால் திருப்பாமலே கிளட்சை விட்டாள். ஜீப் கேட்டைத் தாண்டியது.