சட்டைப் பையில் இருந்த பெயர்

தான் அப்பாவான செய்தியைப் பெரியவன் கம்பெனி அக்கவுண்டண்ட் வாயால்தான் கேட்டான். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "கோர்ட்லேர்ந்து உத்தரவு வந்திருக்கு சார். உங்க குழந்தைக்கு ஜீவனாம்சம். இந்த மாசத்துலேர்ந்து சம்பளத்துல பிடிக்கணுமாம்" என்றார் அவர். எதிரில் பரிமாறிக்கொண்டிருந்தவள் அவன் மனைவி. ஒரு குழந்தைக்காக இருவரும் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விசாரித்தால் விஷயம் இதுதான். ஒரு வணிக வளாகத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண், தன் மகளுக்கு இவன்தான் தகப்பன் என்று வழக்குப் போட்டிருக்கிறாள். நோட்டீஸ் வீட்டுக்கு வந்திருக்கிறது. யாரோ கோழி கிளறியது போல ஒரு கையெழுத்தைப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். கோர்ட்டில் கூப்பிட்ட நாளில் யாரும் போய் நிற்கவில்லை. எதிர்த்துப் பேச ஆளில்லாத வழக்கு எத்தனை நாள் இழுக்கும்? தீர்ப்பாகிவிட்டது.

"அந்தப் பொண்ணை நான் கண்ணால பார்த்தது கூட இல்ல" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். "கோர்ட் ஆமாங்குது, நீங்க இல்லங்குறீங்க. அதே கோர்ட் இல்லன்னு சொல்லட்டும், வர்றேன்" என்று மனைவி தன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். அவள் படி இறங்கும்போது அவன் அம்மா சும்மா இருந்திருக்கலாம். "குறை யார்கிட்டன்னு இப்பத் தெரிஞ்சு போச்சே" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். ஆத்திரத்தில் வந்த வார்த்தை என்று பெரியவன் அதை விட்டுவிட்டான். பாவி, எதைத்தான் அவன் விடாமல் இருந்தான்?

அண்ணன் தம்பி இருவருக்கும் லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கம்பெனியில்தான் வேலை. பெரியவன் லைசென்ஸ் வாங்கிய மெக்கானிக். சின்னவன் பரீட்சையில் கோட்டை விட்டுக்கொண்டே இருந்ததால் ஒர்க்‌ஷாப்பில் கையாள். ஆனால் வேலை சுத்தமாகத் தெரியும். முழங்கால் வலி வந்த பிறகு, வேலை நேரம் முடிந்து லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாக அழைப்பு வந்தால், பெரியவன் தன் யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றிக் கொடுத்துத் தம்பியை அனுப்பிவிடுவான். பை மேல் பெயர் தைத்த சட்டை. கம்பெனிக்குத் தெரிந்தால் இருவர் சீட்டும் கிழியும். அதனால் போகிற இடத்தில் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் சின்னவன் 'என்னங்க' என்று திரும்புவான்.

இவ்வளவு இருந்தும் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டால், வரவில்லை. அப்பா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம் வேறு.

ஒரு பெண் வக்கீலைப் பிடித்து, தீர்ப்பை ரத்து செய்யவும் டி.என்.ஏ. பரிசோதனைக்கும் மனுப் போட்டான். "ஆறின புண்ணை ஏண்டா சொரியற?" என்றாள் அம்மா. "விட்டுடுண்ணே, கோர்ட்டு வாசல் நமக்கு ஆகாது" என்றான் சின்னவன். அக்கறையில் சொல்கிறார்கள் என்றே நினைத்தான்.

விசாரணை அன்று கால் வீங்கியிருந்தது. சின்னவன்தான் பைக்கில் கொண்டுவந்து கோர்ட் வாசலில் விட்டான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, இன்ஜினையும் அணைக்கவில்லை. அம்மா முன்னாடியே ஆட்டோவில் வந்து நின்றிருந்தாள். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண்குரல் பெரியவனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

பெரியவன் திரும்பினான். ஹெல்மெட்டும் திரும்பியது.

இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண் பெரியவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக பைக்கிடம் போனாள். "மூஞ்சியை மறைச்சுக்கிட்டா பைக் தெரியாதா? லிஃப்டுக்குள்ள நான் மாட்டிக்கிட்டு அழுதப்ப, பயப்படாதீங்க நான் இருக்கேன்னு சொன்ன ஆளுதானே நீ?"

பெரியவன் தம்பியின் கையைப் பிடித்தான். "யார் பேரைடா சொன்ன இவகிட்ட?"

"சட்டையில இருந்த பேர்தாண்ணே" என்றான் சின்னவன். "மாத்திச் சொன்னா வேலை போயிடுமேன்னு... அதுவே நிலைச்சுப் போயிடுச்சு."

"நோட்டீஸை வாங்கினதும் நீதானா?"

சின்னவன் அம்மாவைப் பார்த்தான். அந்தக் கோழிக் கிறுக்கல் அம்மாவுடையது என்று அந்தப் பார்வையே சொன்னது. தம்பி செய்ததைக் கூட அவன் எப்படியோ விழுங்கியிருப்பான். இது இறங்கவில்லை.

அம்மா அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "நீ தாங்குவடா, அவன் தாங்க மாட்டான். கல்யாணம் நின்னு போயிடும். உனக்குத்தான் பிள்ளை இல்லையே, உன் பேர்ல ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுமேன்னு நெனச்சேன். பெத்தவ கேக்குறேன், மனுவை வாபஸ் வாங்கு."

"அப்ப என் பொண்டாட்டியைப் பத்தி அன்னைக்கு வாசல்ல சொன்னியே, பொய்யின்னு தெரிஞ்சேதான் சொன்னியா?"

அம்மா தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

உள்ளே மனைவி தன் அண்ணனோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். "குழந்தை உங்களோடது இல்லைங்கறீங்க. அப்ப உங்க பேர் எப்படி வந்தது?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலையாவது மிஞ்சியிருக்கும். "என் சட்டையைப் போட்டுக்கிட்டு என் தம்பி போனான் ஐயா. நான்தான் கொடுத்தனுப்பினேன். கம்பெனிக்குத் தெரியாது. அவனுக்கும் சேர்த்து டெஸ்ட் எடுங்க" என்றான். குரல் உடைந்தது. ஜெராக்ஸ் கடைக்காரியும் எழுந்து, "இவர் இல்லைங்கய்யா" என்றாள்.

இருவருக்கும் பரிசோதனை என்று உத்தரவானது. முடிவு வரும்வரை பழைய தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது.

வெளியே அம்மா காத்திருந்தாள். முகம் இறுகிப்போயிருந்தது. "தம்பி வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்ட இல்ல? இனிமே நீ எனக்குப் பிள்ளையே இல்ல. எனக்கு ஒரே பிள்ளைதான்."

பெரியவன் வீங்கிய காலை இழுத்துக்கொண்டு அவள் எதிரில் போய் நின்றான்.

"ஒரு குழந்தைக்கு நான் அப்பன் இல்லன்னு சொல்றதுக்கு, வக்கீல் வெச்சு, மனுப் போட்டு, ரத்தத்தையும் கொடுத்து நிரூபிக்கணுங்குறாங்க. பிள்ளை இல்லன்னு சொல்றதுக்கு மட்டும் வாய் போதுமாம்மா?"

அம்மா சின்னவன் தோளைப் பிடித்துக்கொண்டு பைக்கில் ஏறினாள். படியில் நின்றிருந்த மனைவி இறங்கி வரும்வரை பெரியவன் அந்த வாசலிலேயே நின்று அழுதான்.