செம்பு வாஷர்

நிர்மலாவின் பெயரில் பதினொரு ஆய்வுக் கட்டுரைகள் இருந்தன. அவற்றில் ஆறு, முதல் கட்டுரையின் முதுகில் ஏறி நின்றவை. பாகலூர் சாலையில் அவள் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரியில் வேதியியல் இணைப் பேராசிரியர் ஆக ஏழு கட்டுரைகள் வேண்டும். விண்ணப்பம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் போக வேண்டும். பன்னிரண்டு வருஷமாக உதவிப் பேராசிரியராகவே தேய்ந்தவளுக்கு இதை விட்டால் வேறு வழியில்லை.

முதல் கட்டுரை சொன்னது இதுதான்: நுண்துளைகள் நிறைந்த ஒரு கரிப்பொடி, எந்த உலோகமும் சேர்க்காமலே, பெயின்ட் கம்பெனிப் புகையின் நச்சை முறித்துவிடும். ஊரெல்லாம் உலோகம் போட்டுச் செய்கிற வேலை அது. அதனால் கட்டுரைக்கு ஏகப்பட்ட மதிப்பு.

திங்கட்கிழமை மதுரைப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து மணிமேகலை என்ற ஆராய்ச்சி மாணவி மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். நீங்கள் எழுதியபடியே ஒன்பது முறை செய்தும் பொடி வேலை செய்யவில்லை. உன் கை சரியில்லை, இந்த மாதத்தோடு ஆராய்ச்சியை நிறுத்திக்கொள் என்கிறார் வழிகாட்டி. நீங்கள் பொடி செய்யும் பாத்திரத்தின் விவரம் கிடைக்குமா என்று கேட்டிருந்தாள்.

நிர்மலாவின் பொடி எல்லாம் ஒரே பாத்திரத்தில் வெந்தவை. ஓசூர் சிப்காட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் முனிராஜ் கடைந்து கொடுத்த எஃகுப் பாத்திரம். அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முனிராஜ் வேலையாளிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு வந்து மூடியைத் திருகிப் பார்த்தார்.

“மூடி லீக் ஆச்சிங்க மேடம். அதான் உள்ளார செம்பு வாஷர் ஒண்ணு கடைஞ்சி வெச்சன். சின்ன வேலதான, உங்ககிட்ட எதுக்குச் சொல்றதுன்னு உட்டுட்டன்.”

நல்லது செய்த பெருமை அவர் முகத்தில். நிர்மலா செம்பைக் கழற்றி, உலோகமில்லாத டெஃப்ளான் வாஷர் போடச் சொல்லி, புதிதாகப் பொடி செய்தாள். வியாழக்கிழமை சோதித்தபோது, உள்ளே விட்ட புகை அப்படியே வெளியே வந்தது. பழைய பொடியை அமிலத்தில் ஊறவைத்து வடித்து அமோனியா விட்டாள். செம்பு இருந்தால் மட்டும் வரும் நீலம் ஏறியது. இத்தனை வருஷமும் வேலை செய்தது வாஷரிலிருந்து பொடியில் இறங்கிய செம்பு. உலோகம் இல்லை என்று எழுதியவள் இருக்கிறதா என்று ஒரு தரம் தேடியிருக்க வேண்டும். தேடவில்லை.

நிர்மலா சொல்லி விஷயம் தெரிந்த முனிராஜ் மனசு கேட்காமல் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கல்லூரிக்கே வந்துவிட்டார். கையில் புதுப் பாத்திரம்.

“அதே மாதிரி வாஷர் வெச்சிருக்கன் மேடம். அந்தப் பொண்ணுக்கு அனுப்பிடுங்க, அங்கயும் வேல செய்யும். உள்ள இருக்கறது யாருக்குத் தெரியப் போவுது?”

பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோலத்தான் இருந்தது. மணிமேகலை பிழைத்துக்கொள்வாள், பதினொரு கட்டுரையும் பிழைக்கும். அவர் போனதும் நிர்மலா அட்டைப்பெட்டி தேடி, மேலே முகவரிகூட எழுதினாள். கதவைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். எழுதும்போதுதான் உறைத்தது: நாளைக்கு அந்தப் பெண்ணும் இந்தப் பொய்யின் மேல் கட்டுரை எழுதுவாள், ஒரு நாள் யாரோ அவளைக் கேட்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இன்னொருத்தி இலையையும் இழுப்பதா? தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பாத்திரத்தை வெளியே எடுத்து வைத்தாள். முதல் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று பத்திரிகைக்கு எழுதி அனுப்பியபோது மணி நாலே முக்கால். பிறகு மணிமேகலையைப் போனில் அழைத்து, வாஷர் முதல் நீலம் வரை சொன்னாள்.

“அப்ப என் கை சரியாத்தான் இருந்துச்சா மேடம்?”

“உங்க கை சரிதாம்மா. தப்பு என்னுது.”

அந்தப் பக்கம் மணிமேகலை அழ ஆரம்பித்தாள். விண்ணப்பத்தின் ஐந்து மணி தாண்டியும் நிர்மலா போனை வைக்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.